சாலை நடுவே ஐந்து வெள்ளைக் கற்கள்

1

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகலில் என் மகன் கண்ணனுடைய கார் நடுவழியில் நின்றுவிட்டது. ஜெர்மனியின் தென்பகுதியில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். இங்கே வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கண் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தோம். இரு பக்கமும் மக்காச்சோளக் காடு. வண்டி இரண்டு முறை இருமியது, பிறகு அடங்கிவிட்டது.

கண்ணன் பதறவில்லை. இந்த நாட்டிலேயே பிறந்தவன். மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டான். எனக்கும் ஒன்றை மாட்டிவிட்டான். பின்பெட்டியைத் திறந்து சிவப்பு முக்கோணத்தை எடுத்து விரித்து, வந்த வழியே நூறு எட்டு வைத்து நடந்து, சாலையோரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினான். இங்கே சட்டம் அப்படி. முக்கோணம் இல்லாத கார் சாலையில் ஓடக் கூடாது. நான் ஒவ்வொரு முறை கார் வாங்கியபோதும் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் முக்கோணம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். விற்பவர்கள் சிரிப்பார்கள்.

நாற்பது நிமிடத்தில் பழுது பார்க்கிறவர் வந்தார். ஏதோ ஒரு கம்பி கழன்றிருந்ததாம். மாட்டினார், கையெழுத்து வாங்கினார், போனார். நாங்களும் கிளம்பினோம். ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"முக்கோணத்தை எடுத்தியா?"

"இல்லப்பா."

"மறந்துட்டியா?"

"மறக்கல. கண்ணாடியில பார்த்தேன். லேட் ஆச்சு, விட்டுட்டேன்."

"திருப்பு வண்டியை."

"அப்பா, அது ப்ளாஸ்டிக். புதுசு வாங்கலாம்."

"திருப்புடா!"

"நீ ஏன் கத்துற?"

என் மகன் என்னை 'நீ' என்றுதான் சொல்வான். ஜெர்மன் மொழியில் அப்பாவும் நண்பனும் ஒரே 'நீ'. அதைத் திருத்த முயன்று நான் தோற்றுப்போய் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவன் வண்டியைத் திருப்பவில்லை. மருத்துவரிடம் குறித்த நேரம் தவறினால் அடுத்த முறை கிடைக்க மூன்று மாதம் ஆகும். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அங்கே பழுதான கார் இல்லை, முக்கோணம் மட்டும் நிற்கிறது. அதைப் பார்க்கிறவன் எதற்காக ஒதுங்குவான், எங்கே ஒதுங்குவான்? இதை அவனிடம் சொல்ல எனக்குத் தமிழிலும் வார்த்தை வரவில்லை, ஜெர்மனிலும் வரவில்லை. மருத்துவர் சுவரில் காட்டிய எழுத்துகளில் பாதியைத் தப்பாகப் படித்தேன்.

2

மறுநாள் காலை சாலைப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முதலில் ஒரு பாட்டு. பிறகு இயந்திரக் குரல். பிறகு இன்னொரு பாட்டு. கடைசியில் ஒரு பெண்மணி பேசினார். ஜெர்மனில் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு; முக்கோணம் என்ற சொல்லுக்கு முன்னால் நான் தவறான பாலைச் சேர்த்துவிட்டேன். அவர் முதலில் அதைத் திருத்தினார். பிறகு கேட்டார்: எத்தனையாவது கிலோமீட்டர்? எந்தத் திசை? பொருள் உங்களுடையதா? இல்லையென்றால் உரிமையாளர் ஏன் பேசவில்லை? உரிமையாளர் அலுவலகத்தில் இருக்கிறார், நான் அவருடைய அப்பா என்றேன். அப்படியென்றால் ஒரு படிவம் அனுப்புகிறேன், அவர் கையெழுத்திட வேண்டும் என்றார். படிவம் ஆறு நாள் கழித்து வந்தது. நான்கு பக்கம். 'இழப்பின் தன்மை' என்று ஒரு கட்டம்.

படிவத்தை மேசையில் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. என் முழங்கால்களுக்கு அது பெரிய தூரம். முக்கோணம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, கொஞ்சம் சாய்ந்து, ஒரு பக்கம் சேறு தெறித்து. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தபோது போலீஸ் வண்டி ஒன்று நின்றது.

"உங்கள் கார் எங்கே ஐயா?"

"கார் இல்லை. போன வாரம் நின்றது."

"போன வாரம் நின்ற காருக்கு இன்று முக்கோணமா?"

இரண்டு இளைஞர்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒருவன் மற்றவனைப் பார்த்த பார்வையில், கிழவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று எழுதியிருந்தது. மஞ்சள் சட்டை போடாமல் சாலையோரம் நடந்ததற்காக என்னைக் கண்டித்து, வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கண்ணன் வாசலில் நின்றான். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன.

"எதுக்குப்பா இது?" என்றான்.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன். "நம்ம ஊர்ல ஒரு தடவை," என்று ஆரம்பித்தேன். "யாரோ ஒருத்தன் ரோட்டுல கல்லை வச்சிட்டு எடுக்காமப் போயிட்டான்..."

அந்த 'யாரோ' என்ற சொல்லில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் சொல்லவில்லை. போன் அடித்தது, அவன் எழுந்து போனான்.

அவனிடம் சொல்ல முடியாததை இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் சிலருக்காவது அந்தச் சாலை தெரியும்.

3

இன்று புதுக்கோட்டை மாவட்டம் என்கிறோம். நான் சொல்லும் காலத்தில் ஆவுடையார்கோவில் பக்கமெல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் திருக்கோகர்ணத்தில் இருந்தேன். எஞ்சினீயரிங் முடித்திருந்தேன். ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலை பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டு, போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்தேன். என் மீது குற்றம் குறை எதுவும் இல்லை என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். அந்த ஒரு தாளில்தான் என் பயணம் நின்றது.

கடிதத்தைக் காட்டுவதற்காக ஆவுடையார்கோவிலில் இருந்த அக்கா வீட்டுக்கு, மாமாவின் பழைய காரை வாங்கிக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். அந்தக் காலத்தில் அந்தச் சாலையில் கார் என்பதே காட்சி. திரும்பி வரும்போது பொழுது சாயும் நேரம். அறந்தாங்கிக்குப் பாதி வழியில், கண்மாய்க் கரையை ஒட்டிச் சாலை வளையும் இடத்தில், வண்டி நின்றது. பெட்ரோல் குழாயில் அடைப்பு.

வண்டி நின்றால் பின்னால் வருகிறவனுக்கு எச்சரிக்கையாக நம் ஊரில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். ஒடை மரத்தில் ஒரு கொப்பை ஒடித்துச் சாலையில் போடுவோம். அல்லது கிடக்கிற கல்லை எடுத்து வைப்போம். எனக்கு அது மட்டமாகப் பட்டது. இருட்டுகிற நேரத்தில் கொப்பு யார் கண்ணுக்குத் தெரியும்? கருங்கல் எப்படித் தெரியும்? படித்தவன் யோசிக்க வேண்டாமா?

அந்த வாரம் ஒரு மந்திரி பள்ளிக்கூடம் திறக்க வருவதாக இருந்தது. அதற்காகச் சாலையின் இரண்டு ஓரங்களிலும் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த அந்தி வெளிச்சத்திலும் அவை பளிச்சென்று தெரிந்தன. அவற்றில் ஐந்தைப் பெயர்த்தேன். காருக்குப் பின்னால், இடது ஓரத்திலிருந்து சாலை நடு வரைக்கும், சாய்வாக ஒரே கோட்டில் வைத்தேன். பின்னால் வருகிறவன் கோட்டைப் பார்த்து, வலப்பக்கம் விலகி, காரைத் தாண்டிப் போய்விடுவான். எட்டு வைத்து அளந்து வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கடற்கரைப் பக்கமிருந்து கருவாடு ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி, கற்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, மாப்பிள்ளை அழைப்புக்குக் கோலம் போட்டு வச்சிருக்கீங்க?"

"வண்டி நின்னுபோச்சுண்ணே."

"அது தெரியுது. காலேஜ் படிப்பாக்கும்? ரெண்டு கொப்பை ஒடிச்சுப் போடாம ரோட்டையே பெயர்த்துட்டீங்க. தள்ளுங்க, பாப்போம்."

குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினார். பெட்ரோலைத் துப்பினார். என் மாமாவின் காரையும் அதைச் செய்தவர்களின் வம்சத்தையும் சேர்த்துத் திட்டினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அறந்தாங்கி போற வரைக்கும் அணைச்சிராதீங்க. அணைச்சா அப்புறம் நான் வந்து ஊதமாட்டேன். அங்கிட்டு இருக்கிற கல்லை எடுத்து ஓரத்துல போட்டுட்டுக் கிளம்புங்க, என்ன?"

"சரிங்கண்ணே."

அவர் போய்விட்டார். நானும் போய்விட்டேன்.

4

மூன்றாம் நாள் மாமா சொன்னார், கண்மாய் வளைவில் ஒரு மீன்காரர் சைக்கிளோடு மதகில் விழுந்துவிட்டார் என்று. எந்த வளைவு என்று நான் கேட்கவில்லை. பஸ் ஏறி அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவர் பெயர் காதர். ஜெகதாப்பட்டினத்துக்காரர். கூடையில் மீனை ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன் சைக்கிளில் கிளம்புகிறவர். வலது கால் தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டு.

"நீங்க யாரு தம்பி?"

"அந்த வழியா வந்தவன். கேள்விப்பட்டேன், பார்க்க வந்தேன்."

"நல்லா இருங்க. என்னத்தைச் சொல்றது? மங்கலா இருந்துச்சு. வெள்ளைக் கல்லு தெரிஞ்சுச்சு. ரோட்டு ஓரம்தான் அதுன்னு நெனச்சேன். கல்லு வரிசையா வளைஞ்சு போச்சு, ரோடு வளையுதாக்கும்னு நானும் வளைஞ்சேன். அப்புறம் பார்த்தா ரோடு இல்ல, மதகுதான் இருக்கு." வலியோடு சிரித்தார். "மீனு அத்தனையும் வாய்க்கால்ல. செத்த மீனைத் தண்ணியில விட்ட ஆளு ஜெகதாப்பட்டினத்துலயே நான் ஒருத்தன்தான்."

நான் சாதாரணக் கருங்கல்லை வைத்திருந்தால் அவர் அதில் மோதிக் கீழே விழுந்திருப்பார், முழங்கை சிராய்த்திருக்கும். ஒடைக் கொப்பாக இருந்தால் திட்டிக்கொண்டே ஏறிப் போயிருப்பார். வெள்ளைக் கல்லுக்கு அந்தச் சாலையில் ஒரே ஒரு அர்த்தம்தான்: இதற்கு இந்தப் பக்கம் சாலை. அந்த நம்பிக்கையைப் பெயர்த்து நடுவில் வைத்தவன் நான்.

வாசலில் ஒருவர் குந்தியிருந்தார். காக்கி அரைக்கால்சட்டை, தோளில் துண்டு. கைவிரல் இடுக்குகளில் இன்னும் சுண்ணாம்பு. சின்னையா மேஸ்திரி. அந்தச் சாலையில் கல் நட்டு வெள்ளையடித்த கூலிக் கூட்டத்துக்கு மேஸ்திரி. நான் வெளியே வந்ததும் எழுந்தார்.

"தம்பி படிச்சவுக மாதிரி இருக்கீங்க. எனக்கு ஒரு மனு எழுதித் தருவீங்களா?"

"என்ன மனு?"

"என்னைய வேலையை விட்டு நிறுத்திட்டாக. கல்லை நடுரோட்டுல வச்சிட்டேனாம். நானே எண்ணி வச்சேன் தம்பி, அந்த வளைவுல முப்பத்திரெண்டு கல்லு. ஓரத்துலேருந்து ஒரு சாண் தள்ளி. நடுரோட்டுல வைக்க எனக்கென்ன கிறுக்கா? ஓவர்சியர் கேக்குறாரு, 'அப்ப கல்லு தானா நடந்து போச்சா'ன்னு. நான் என்னன்னு பதில் சொல்ல?"

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை. அங்கே தாளும் மையும் வாங்கினார். நான் எழுதினேன். எஞ்சினீயர் அவர்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பித்து, அவருடைய பதினான்கு வருட வேலை, ஒரு குறையும் இல்லாத நடத்தை எல்லாவற்றையும் எழுதினேன். நல்ல தமிழ். அவர் சொல்லச் சொல்ல எழுதவில்லை. அவரைவிட நன்றாக நான் எழுதினேன். அப்புறம் அந்த வாக்கியம் வந்தது: 'மேற்படி கற்களை யாரோ அடையாளம் தெரியாத நபர் பெயர்த்துச் சாலை நடுவில் வைத்திருக்கக் கூடும்.'

படித்துக் காட்டினேன். "யாரோ, அடையாளம் தெரியாத நபர்," என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "சரிதான் தம்பி. எந்தப் பயலோ. அவன் நாசமாப் போக."

"நாசமாப் போகன்னு எழுத வேணாம்ல?" என்று கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு வாய் வந்தது.

"வேணாம் வேணாம்," என்றார் அவர். சிரித்தார். இன்னொரு தாளில் நகலும் எழுதி வாங்கிக்கொண்டார். டீக்கு அவரே கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.

5

எப்படியும் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். போலீஸ் தாள் வந்ததும் சொல்லலாம். அது வந்தது: நன்னடத்தை உடையவர், எவ்விதக் குற்றமும் இல்லை. பாஸ்போர்ட் வந்ததும் சொல்லலாம். அதுவும் வந்தது. கப்பல் ஏறுவதற்கு முன் எழுதிப்போடலாம் என்று நினைத்தேன். ஏறினேன். அங்கே போய் எழுதினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாதே என்று தைரியமாக நினைத்தேன். யாரும் ஒன்றும் செய்ய முடியாத இடத்துக்கு வந்த பிறகும் எழுதவில்லை. அந்த மனு தள்ளுபடியானது எனக்கு மாமாவின் கடிதத்தில் ஒரு வரியாகத் தெரிந்தது. ஆதாரம் இல்லையாம். ஆதாரம் அப்போது ஒரு ஜெர்மன் தொழிற்சாலையில் திருகாணி அளந்துகொண்டிருந்தது.

இங்கே கார் ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு எழுதியபோது எச்சரிக்கைச் சாதனம் பற்றிக் கேள்வி இருந்தது. எத்தனை எட்டு, எந்தப் பக்கம், எப்போது எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரியாக எழுதினேன். ஆசிரியர் தட்டிக்கொடுத்தார்.

அறுபதுகளின் கடைசியில் முதன்முறையாக ஊருக்கு வந்தேன். காதரைத் தேடிப் போனேன். கால் கோணலாகக் கூடியிருந்தது. சைக்கிள் மிதிக்க முடியாமல் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. மேஸ்திரியின் வீட்டை விசாரித்துப் போனேன். வேலை போன பிறகு அவர் நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கப் போயிருக்கிறார். நான் போவதற்கு முந்தைய வருடம் இறந்துவிட்டார். அவருடைய மகள் பார்வதி வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவைத் தெரியுங்களா?" என்று கேட்டார்.

"ஒரு தடவை பார்த்திருக்கேன்."

"உக்காருங்க. அவுகளைத் தேடிக்கிட்டு யாரும் வரமாட்டாக. ஊர்ல எல்லாம் 'காலை ஒடிச்ச மேஸ்திரி'ன்னுதான் சொல்லுவாக. ரோட்டுல நடந்தா ஓரத்துக் கல்லை எண்ணிக்கிட்டேதான் நடப்பாக. முப்பத்திரெண்டு, முப்பத்திரெண்டுன்னு. நாங்க கேலி பண்ணுவோம்." பிறகு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். "இது அப்பா குடுத்த மனுவோட நகல். என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. நல்லவுக யாரோ ஒரு தம்பி எழுதிக் குடுத்தாகளாம். அந்தத் தம்பி நல்லா இருக்கணும்னு அப்பா அடிக்கடி சொல்லுவாக."

என் கையெழுத்து. மை பழுப்பேறியிருந்தது. அந்த வாக்கியம் வரைக்கும் படித்தேன். தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் காப்பி போடப் போனார். வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள், பிள்ளைகளை எங்கே வளர்த்தாலும் பிள்ளைகள் நம்மைவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று நான் புலம்புவதற்காக எழுதுவதாக நினைக்கலாம். இந்தப் பக்கங்களில் பலர் அதைத்தான் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். அதுவல்ல இது. 'மறந்துட்டியா' என்று நான் கேட்டதற்கு என் மகன் உடனே, நேராகப் பதில் சொன்னான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

6

மனுவின் நகல் இருந்த அந்தத் தகரப் பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. பார்வதியம்மாள் இருந்தால் அவருக்கும் எண்பதை நெருங்கும். கண்மாய் வளைவுக்குப் பக்கத்து ஊர்களில் இதைப் படிக்கிறவர் யாராவது அவரையோ அவருடைய பிள்ளைகளையோ அறிந்திருந்தால், இதைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்னால் எழுதியதை விட்டுவிடலாம். இது போதும்.

எஞ்சினீயர் அவர்கள் சமூகத்துக்கு, சின்னையா மேஸ்திரிக்காக முன்பு எழுதிய மனுவில் ஒரு திருத்தம். மேஸ்திரி முப்பத்திரண்டு கற்களையும் ஓரத்தில்தான் நட்டார். அவற்றில் ஐந்தைப் பெயர்த்துச் சாலை நடுவில் வைத்தவர் யாரோ அடையாளம் தெரியாத நபர் அல்ல. மனுவை எழுதியவன்தான். எடுக்க மறந்துவிட்டேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் உண்மையில்லை. வண்டி கிளம்பியதும் கண்ணாடியில் பார்த்தேன். ஐந்தும் தெரிந்தன. இறங்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாரும் விட்டுவிட்டுத்தானே போகிறார்கள் என்று நினைத்தேன். சாலை வளைந்து அவை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே போனேன்.